மேடைக்கு முன்னால் ஒரு கம்பி

துபாயில் ஒரு ஹோட்டலுக்குள் இருந்த தமிழ் டான்ஸ் பாருக்கு மெயின்டனன்ஸ் வேலையாகப் போயிருந்தேன். மேடைக்கும் மேஜைகளுக்கும் நடுவே இடுப்பளவு உயரத்தில் கம்பித் தடுப்பு இருந்தது. கஸ்டமர் யாரும் அதைத் தாண்டக் கூடாது என்பது அந்த பாருக்குக் கொடுத்த லைசன்ஸில் உள்ள விதி. அன்று ஒரு பெரிய கஸ்டமர் வருகிறார், மேடையேறி ஆடுபவர்களுக்கு மாலை போட ஆசைப்படுகிறார் என்று மேனேஜர் சொன்னதால், ஆள் நுழைய வழிவிட்டுத் தடுப்பின் நடுக் கம்பியை நான்தான் கழற்றினேன்.

சாயங்காலம் ஆடுகிற பெண்கள் ஒத்திகைக்கு வந்தார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் அக்கா என்றார்கள். நாற்பது வயதிருக்கும். மேக்கப் இல்லாத முகம், இறுக்கிப் போட்ட கொண்டை. மேடையேறும் முன் அந்தக் கம்பியைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கிப் பார்ப்பது அவர் வழக்கமாம். அன்று நீட்டிய கைக்குக் கம்பி இல்லை.

நேராகப் போய் கஸ்டமர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும்தாம்மா," என்றார் மேனேஜர்.

"லைசன்ஸ்ல அப்படி ஒரு நாள் இருக்கா சார்? கம்பி வரட்டும், நான் வர்றேன்."

மற்ற பெண்களும் ஒவ்வொருவராக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "மாட்டித் தொலைப்பா," என்றார்.

மாட்டினேன். அக்கா வந்து உலுக்கினார்.

"இன்னும் கொஞ்சம் முறுக்குங்க தம்பி. நாங்க ஆட வந்தவங்க."

எத்தனையோ உயரமான கட்டடங்களில் பால்கனிக் கம்பி மாட்டியிருக்கிறேன். லீவில் ஊருக்குப் போனால் நான் பேசுவது இந்த ஒன்றைப் பற்றித்தான். "டான்ஸ் பார்லயா வேலை பாத்தே?" என்று சிரிப்பார்கள்.

"ஆமா," என்பேன், அந்த அக்கா மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு.