செவப்பையாவும் மூட்டத்தாரும்

எல்.இ.டி. திரையை வாடகைக்கு விடுகிறவன் ஊரார் கல்யாணத்தையெல்லாம் பெரிதாகக் காட்டுவான்; தான் பார்க்க ஆசைப்படுகிற படத்தை மட்டும் கைபேசியில் குனிந்து பார்ப்பான். ஓட்டல்காரர் வீட்டில் பழைய சோறு தின்கிற கதைதான். உங்களில் பல பேருக்கு இந்த வேதனை புரியும்.

டெஸ்டு

மண்டபத்தில் திரையை மாட்டியதும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு நிறமாக ஓட்டிப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் வெறும் நிறத்தை ஓட்டுவார்கள். நான் எனக்குப் பிடித்த இத்தாலிப் பேய்ப் படத்தில் ஒரு துண்டை ஓட்டுவேன். நீளமான வராந்தா, சுவரெல்லாம் ரத்தச் சிவப்பு, கோடியில் ஒரு நீலக் கதவு. அந்தச் சிவப்பு சரியாக வந்தால் எந்த முகூர்த்தப் பட்டும் சரியாக வரும் என்பது என் நம்பிக்கை.

அருப்புக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் அப்படி ஓட்டியபோது, பெண்ணுக்கு மேக்கப் போட வந்த சுகன்யா கையில் பிரஷ்ஷோடு நின்றுவிட்டார். நெசவுக்காரர் வீட்டுப் பெண். வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கைபேசியில் இத்தாலிப் பேய்ப் படம். இந்தப் பக்கத்தில் இந்தப் படங்களைப் பார்க்கிற பைத்தியம் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். எனக்குப் பிடித்த டைரக்டர் வண்ணத்தைக் கொட்டி மிரட்டுகிறவர். சுகன்யாவுக்குப் பிடித்தவர் வெறும் பனிமூட்டத்தை வைத்தே மிரட்டுகிறவர். அந்தப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் அன்றைக்கே செவப்பையா, மூட்டத்தார் என்று பெயர் வைத்துவிட்டோம். மணப்பெண் அறைக்குத் திரும்பும்போது அவர் சொன்னார்: "அண்ணே, உங்க செவப்பையா கண்ணுக்கு விருந்து வைப்பாரு. வயித்தக் கலக்கணும்னா எங்க மூட்டத்தாருதான் வரணும்."

காதுகுத்து

அடுத்து திருச்சுழியில் ஒரு காதுகுத்து. குழந்தையின் அம்மாவுக்கு மேக்கப் போட அவரும் வந்திருந்தார். டெஸ்டை ஓடவிட்டு நாங்கள் பேச்சில் இறங்கினோம். கத்தியைக் காட்டுவது பயமா, கத்தியைக் காட்டாமல் இருப்பது பயமா என்பது விவாதம். பேசுகிற சுவாரசியத்தில் துண்டுப் படம் முடிந்து அடுத்த துண்டு ஓட ஆரம்பித்ததை நான் கவனிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் தாய்மாமன் சீர்வரிசையோடு நுழைந்தார். தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, மாலை. திரையிலோ கறுப்புக் கையுறை போட்ட ஒரு கை கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தது. மடியில் உட்கார வேண்டிய குழந்தை வீறிட்டுவிட்டது. நான் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் தாய்மாமன் கேட்டார்: "ஏப்பா, காது குத்தத்தான கூப்பிட்டோம், நீ கழுத்தவே அறுக்கப் பாக்குறியே!"

காலி மண்டபம்

ஒரு முழுப் படத்தைப் பெரிய திரையில் சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் ஆசைப்பட்டோம். எனக்குப் படம் பாதி ஆசை. மீதி ஆசை எது என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள். முதல் நாள் அண்ணே என்றவர் அப்புறம் என்னை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடவில்லை. அதை நான் கவனித்து வைத்திருந்தேன்.

காரியாபட்டியில் அமைந்தது. முகூர்த்தம் முடிந்து, பந்தி முடிந்து, வேனெல்லாம் கிளம்பிவிட்டன. மேனேஜர் சாப்பிட்டுவிட்டு வந்து சாவி வாங்குகிற வரைக்கும் மண்டபம் எங்களுடையது. நான் செவப்பையா படம் என்றேன். அவர் மூட்டத்தார் என்றார். கல்லறைத் தோட்டத்து மூட்டத்தைப் பற்றி அவர் சொல்லச் சொல்ல, சிவப்பு வெளிச்சத்தில் நிழல் எப்படி விழும் என்று நான் சொன்னேன். "மழையே எட்டிப் பாக்காத ஊருல மூட்டத்துக்கு ஆசப்படுறது தப்பா?" என்று கேட்டார். அதற்கும் ஒரு பதில் சொன்னேன். மேனேஜர் வெற்றிலை போட்டுக்கொண்டு வந்து வெறும் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்: "படம் பாக்கப் போறோம்னு சொல்லிட்டு இம்புட்டு நேரமும் பேசிக்கிட்டேல்ல இருந்திருக்கீக!"

புது கிராக்கி

பாலவநத்தத்தில் ஒரு வளைகாப்பு. சுகன்யா அன்றைக்குப் பேய்ப் படத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. மேக்கப் பெட்டியை மூடி வைத்துவிட்டு, தனக்கு மாப்பிள்ளை முடிவாகிவிட்டது என்றார். அவர்கள் ஆட்களாம், கோயம்புத்தூராம், நல்ல மனுஷராம். எனக்கு நெஞ்சு காலி மண்டபமாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் சரி, அவர்கள் வீட்டிலும் சரி, என் ஆசையை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்? அவரிடமே நான் சொன்னதில்லை. "அவருக்கு இந்தப் படமெல்லாம் பிடிக்குமா?" என்று மட்டும் கேட்டேன். ஒயரைச் சுற்றுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சொன்னார்: "பேய்ப் படம்னாலே அவுகளுக்கு ஆகாதாம்... கல்யாணத்துக்கு ஸ்கிரீன் நீங்கதான் போடணும், வேற யாரும் வேண்டாம்."

மணப்பெண் அறை ஜன்னல்

போட்டேன். வரவேற்பு சாயங்காலம். மதியமே பேனல்களை மாட்டி டெஸ்டை ஓட்டினேன். அன்றைக்குச் சிவப்பு இல்லை. மூட்டத்தாரின் படத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். வெயில் கொளுத்துகிற அருப்புக்கோட்டையில் மண்டபச் சுவர் முழுக்கப் பனி இறங்கியது. சமையல்காரர் எட்டிப் பார்த்து, மிஷின் புகையுதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

மணப்பெண் அறை ஜன்னல் திறந்தது. ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய முகத்தோடு சுகன்யா நின்றார். பெண் வெளியே வரக்கூடாது என்று உள்ளே யாரோ தெலுங்கில் அதட்டினார்கள். "இன்னைக்கு உங்க செவப்பையாவப் போடுங்க" என்றார். வேண்டாம், உங்க ஆளே ஓடட்டும் என்றேன். எத்தனை நாள் என் ஆளையே பார்ப்பது, இன்றைக்கு உங்கள் ஆள் என்றார். இது உங்கள் விசேஷம் என்றேன். அதனால்தான் கேட்கிறேன் என்றார். நான் படத்தை மாற்றக் கையை நீட்டியபோது தெருமுனையில் மேளச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை அழைப்பு வந்துவிட்டது. திரையில் பெண், மாப்பிள்ளை இருவர் போட்டோவையும் போட்டேன். சிவப்பு நன்றாகவே வந்தது. ஜன்னலைச் சாத்துமுன் அவர் சொன்னார்: "இன்னைக்கும் பேசியே நேரத்தப் போக்கிட்டோம்ல?"

இப்போதெல்லாம் டெஸ்டுக்கு மூட்டத்தார் படத்தைத்தான் ஓட்டுகிறேன். வெறும் வெள்ளையாத் தெரியுதே, சிவப்பு எப்போ வரும் என்று கேட்கிறவர்களிடம், வரும், கொஞ்சம் பொறுங்க என்று சொல்லிவிடுகிறேன்.