கண் மூடி நிற்பவள்

தவக்காலத்தில் எங்கள் கோயில் மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி வைத்தார்கள். நான் பாடசாலையில் சித்திரம் படிப்பிப்பவள் என்பதால் படங்களைத் தெரிவுசெய்யும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். சிலுவைப்பாதைப் படங்களுக்கு நடுவில் பழைய ஐரோப்பியக் குறியீட்டுவாத ஓவியம் ஒன்றின் அச்சுப்பிரதியையும் சட்டம் போட்டு மாட்டினேன். வெள்ளை உடுப்பில் ஒரு பெண் கண்ணை மூடி நிற்கிறாள். காலடியில் மணலும் இல்லை, தண்ணீரும் இல்லை. மங்கிய நீலம் மட்டும்.

கண்காட்சிக் குழுத் தலைவர் சீனன்குடா எண்ணெய்க் களஞ்சியத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். படத்தின் முன்னால் நின்று கேட்டார்.

"இது ஆர், மாதாவோ?"

"இல்லை."

"புனிதையோ?"

"அதுவும் இல்லை. ஆரெண்டு கீறினவரே சொல்லேல்லை."

"அப்ப இதில என்ன பக்தி இருக்கு? செத்தவ மாதிரி நிக்கிறா. கழட்டுங்கோ டீச்சர்."

"கனவில ஒரு முகத்தைக் கண்டா, ஆரெண்டு கேட்டுப்போட்டே பாக்கிறம்? அவ வெளியில ஒண்டையும் பாக்கேல்லை. உள்ளுக்குப் பாக்கிறா. நான் கழட்டமாட்டன்."

மறுநாள் காலையில் படம் சுவரைப் பார்த்தபடி திருப்பி மாட்டியிருந்தது. நான் நேராக்கினேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தால் மறுபடி முதுகு. இந்த முறை நேராக்கிவிட்டு, ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். எழும்பவில்லை.

பின்னேரம் கிண்ணியாவிலிருந்து என்னோடு படிப்பிக்கும் முஸ்லிம் ஆசிரியை வந்தா. நான் ஒன்றும் விளங்கப்படுத்தவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுச் சொன்னா:

"தொழுது முடிச்சுப்போட்டு, எழும்ப மனமில்லாம கொஞ்ச நேரம் இருப்பமே, அந்த முகம்."

இத்தனை வருஷம் அந்தப் படத்தை வகுப்பில் காட்டியும் இந்தச் சொல் எனக்கு வாய்க்கவில்லை.

தலைவர் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். அவ போன பிறகு மெல்லச் சொன்னார்.

"அவவுக்கு எங்கட சமயத்தைப் பற்றி என்ன தெரியும்?"

"கண்ணை மூடினா என்ன தெரியுமெண்டு அவவுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ?"

அதற்குப் பிறகு கண்காட்சி முடியும்வரை படத்தை யாரும் தொடவில்லை.

அடுத்த வருஷம் குழுவில் என்னைச் சேர்க்கவில்லை. அவர்கள் கூப்பிடாமலே கண்காட்சிக்குப் போனேன், அதைவிட விளங்காத வேறொரு படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு.