கரண்ட் போனால் நாற்பது நிமிடம்

2024 மார்ச் 16: 4,280 வெள்ளி
ஆகஸ்டு 19: 120 வெள்ளி
ஆகஸ்டு 30: 80 வெள்ளி
செப்டம்பர் 11: 350 வெள்ளி
செப்டம்பர் 24: 150 வெள்ளி

முதல் தொகை, இன்வெர்ட்டருக்கும் இரண்டு பேட்டரிகளுக்கும் வாலண்டைன் கொடுத்தது. மற்றவை அதைப் பழுது பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்தவை. நான்கு பேர் வந்து போன பிறகும் பழுது அப்படியே இருந்தது.

கிள்ளானில் பழைய தாமான் குடியிருப்பு ஒன்றில் வரிசையின் கடைசி வீடு அவருடையது. வயது எழுபத்து நான்கு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்தவர். ரயில்வே பண்டகசாலையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். ஒரு திருகாணி குறைந்தாலும் அது யார் கைக்குப் போனது என்று சொல்லிவிடுவார் என்று அந்த நாளில் அவருக்குப் பெயர். மனைவி ரோசலின் காப்பார் என்ற ஊருக்குப் பக்கத்துத் தோட்டக் குடும்பம். பாலர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். பிள்ளைகள் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன் ரோசலினின் நுரையீரல் இறுகத் தொடங்கியது. அதிலிருந்து கட்டிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆக்சிஜன் மெஷின் இரவும் பகலும் உறுமிக்கொண்டே இருந்தது. அதிலிருந்து புறப்படும் நீளமான குழாய், ரோசலின் சமையலறைக்குப் போனால் பின்னாலேயே இழுபட்டுப் போகும். வாலண்டைன் அதை மிதிக்காமல் தாண்டி நடக்கப் பழகிவிட்டார்.

அந்த மெஷினுக்குக் கரண்ட் வேண்டும். பக்கத்தில் அடுக்குமாடி கட்டத் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து, மாலை மழை இடியோடு வந்தால் தாமான் முழுக்க இருட்டிவிடும். கைவசம் இருந்தது ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர். அது நாற்பது நிமிடம் தாங்கும். அதனால்தான் சேமிப்பில் கைவைத்து இன்வெர்ட்டர் வாங்கினார்.

பொருத்தியவன் பிரவின் என்ற இளைஞன். ஐந்து மணி நேரம் தாங்கும் என்றான். ஆறு மாதத்துக்குப் பேட்டரி மூடியைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னான். ஜூலை வரை அவன் சொன்னபடியே ஓடியது. ஆகஸ்டு நடுவில் ஒரு நாள் கரண்ட் போனதும் பத்தே நிமிடம் ஓடிவிட்டுக் கீச்சென்று கத்தி நின்றது. அடுத்த முறை ஏழு நிமிடம்.

பிரவினைக் கூப்பிட்டார். நாளைக்கு வரேன் அங்கிள், கன்ஃபர்ம் என்றான். நான்கு நாளைக்கு அதே நாளைதான். ஒருவழியாக வந்து ஒரு ஃபியூஸை மாற்றினான். அதன் பிறகு அவன் எண் அடித்தால் எடுப்பாரில்லை. அடுத்து வந்தவர் ஒயரில் கோளாறு என்றார். அதற்கடுத்தவர் உள்ளே போர்டு போய்விட்டது என்று ஒரு போர்டை மாற்றினார். நாலாவது ஆள் இன்வெர்ட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, பேட்டரி மோசம், விற்ற கம்பெனியைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நால்வரும் சுவரில் மாட்டியிருந்த பெட்டியைத்தான் பார்த்தார்கள். கீழே குனிந்து பேட்டரியைத் திறந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கம்பெனி பெட்டாலிங் ஜெயாவில் இருந்தது. வாலண்டைன் எழுதிய கடிதங்களுக்கு, உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. அக்டோபர் 3-ஆம் தேதி ஒரு தாள் வந்தது. காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறு எதுவும் பேட்டரியில் ஊற்றப்படவில்லை என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினால், மூன்று வாரத்தில் ஆள் வந்து புதிய பேட்டரிகள் வைத்துப் பழையதை எடுத்துப்போவார். வாலண்டைன் தயங்காமல் கையெழுத்திட்டார். அவர் அறிந்தவரை மூடியையே யாரும் தொட்டதில்லை.

ஆனால் மழை மூன்று வாரம் காத்திருக்காது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் தாண்டியதும் அவர் வாசலில் நின்று வானத்தைப் பார்ப்பார். ரோசலின் படுத்தபடியே, மழை வரட்டும் விடுங்க, செடிக்கு நல்லது என்பார்.

அக்டோபர் 10-ஆம் தேதி பக்கத்து வீட்டு வாணியை ரோசலினோடு உட்காரச் சொல்லிவிட்டு, வாலண்டைன் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார். பிறந்த இடமாயிற்றே, யாராவது ஒருவர் கிடைப்பார் என்ற நம்பிக்கை. சேலைக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டி, விளக்குக் கடை, ஏர்கான் கடை என்று ஏறி இறங்கினார். கடைசியில் ஒருவர் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியைக் காட்டினார். அங்கே முகுந்தன் இருந்தார். வக்கீல் அலுவலகங்களுக்கும் கிளினிக்குகளுக்கும் பேட்டரி பார்த்துக் கொடுப்பவர். நாற்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கிள்ளான் தூரம், வர வாரம் பார்ப்போம்லா அங்கிள் என்றார்.

அப்போது மழை கொட்டத் தொடங்கியிருந்தது. வாலண்டைனின் கைபேசி அடித்தது. வாணி.

"அங்கிள், இங்க கரண்ட் போச்சு. உங்க மெஷினும் கத்திட்டு நின்னுருச்சு. சிலிண்டர மாட்டிட்டேன், திறக்க முடியல. சாவிய எங்க வச்சிருக்கீங்க?"

வாலண்டைனின் கை சட்டைப் பைக்குப் போனது. சாவி அங்கே இருந்தது. வீட்டில் போட்டால் எங்கேயாவது மறைந்துபோகும் என்று, சிலிண்டர் வாங்கிய நாளிலிருந்து அதைத் தன்னோடேயே வைத்திருந்தார். பாத்திரம் கழுவும்போதுகூட எடுத்து வைத்ததில்லை.

சாவியை வெளியே எடுத்து முகுந்தனிடம் காட்டினார். முகுந்தன் அதைப் பார்த்ததும் கைபேசியை வாங்கிக்கொண்டார்.

"அக்கா, வீட்டுல ஆம்பளைங்க இருக்காங்களா? சின்ன ஸ்பானர் இருந்தா போதும். மேல சதுரமா ஒரு தலை இருக்கும் பாருங்க, அத இடது பக்கம் திருப்பணும்."

வாணியின் கணவர் சிவநேசன் லோரி ஓட்டுபவர். ராத்திரி ஓட்டம் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினார்கள். அவர் கைலியோடு மழையில் ஓடி, லோரியிலிருந்து ஸ்பானர் எடுத்துவந்தார். காற்று சீறும் சத்தம் கைபேசியிலேயே கேட்டது. "வருது அங்கிள், வருது" என்றார் வாணி.

நாற்பது நிமிடம் ஆரம்பித்துவிட்டது. முகுந்தன் கடையை இழுத்துப் பூட்டிவிட்டு வேன் சாவியை எடுத்தார்.

நெடுஞ்சாலையில் வண்டிகள் நகரவே இல்லை. கண்ணாடியில் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியவில்லை. வாலண்டைன் சாவியை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டே இருந்தார். கணக்கில் ஒரு தவறு வந்தால் அதைச் சிவப்பு மையில் அடித்துத் திருத்தலாம். இதை எந்த மையால் அடிப்பது? செபம் சொல்ல முயன்றார்; பாதிக்கு மேல் வரவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாயிற்று, அதுவும் நெரிசலில் நிற்கிறது என்று வாணி சொன்னார். பிறகு, சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது என்றார். அதன் பிறகு கைபேசியில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

கிள்ளான் பாலத்தை நெருங்கியபோதுதான் வாணியின் குரல் திரும்ப வந்தது. கரண்ட் வந்துவிட்டது.

வீட்டுக்குள் போனபோது ரோசலின் தலையணையில் சாய்ந்திருந்தார். உதடு இன்னும் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. "எதுக்குங்க இப்படி நனைஞ்சு வந்தீங்க?" என்றார்.

முகுந்தன் நேரே பின்பக்கம் போய், குனிந்து, பேட்டரி மூடி ஒன்றைத் திறந்தார். விளிம்பு வரை தண்ணீர் நின்றது. ஆசிட் அளக்கும் கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தார். மிதவை அடியில் போய் உட்கார்ந்தது. பன்னிரண்டு மூடிகளையும் திறந்தார். எல்லாம் அப்படியே.

"அங்கிள், இதுல யாரு தண்ணி ஊத்துனது? ஆசிட்டே இல்ல, வெறும் தண்ணியா போச்சு."

யாரும் ஊற்றவில்லை, ஒரு சொட்டுகூட இல்லை என்றார் வாலண்டைன்.

"நான்தான் ஊத்தினேன்" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

ஜூலைக் கடைசியில் ரோசலினின் சின்னம்மா மகள் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போய்விட்டு, கோயில் தண்ணீர் ஆறு போத்தல் கொண்டுவந்து தந்திருந்தாள். வாரத்தில் ஒரு காலை வாலண்டைன் காய்கறி வாங்கப் பாசாருக்குப் போவார். அந்த நேரத்தில் ரோசலின் குழாயை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல நடந்து பின்பக்கம் போயிருக்கிறார்.

"கார் வாங்குனா தெளிக்கிறோம். வீட்டுக்குத் தெளிக்கிறோம். என் மூச்சே அந்தப் பெட்டிக்குள்ளதான இருக்கு, அதுக்கு வேணாமா? மூடி இருந்துச்சு, திறந்து எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் ஊத்தினேன். கெட்டுப்போனப்புறம் வழிய வழிய ஊத்தினேன். அதனாலதான் பத்து நிமிஷமாவது ஓடுது. இல்லன்னா அதுவும் ஓடியிருக்காது."

முகுந்தன் வாயைத் திறந்தார். வாலண்டைன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வாசலுக்கு வந்த பிறகுதான் விட்டார்.

"அவளுக்குத் தெரிய வேணாம் தம்பி."

முகுந்தன் தலையாட்டினார். ஒரு வக்கீல் அலுவலகத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பேட்டரி மாற்றுவது வழக்கம் என்றார். கழற்றியதில் பாதி உயிர் இருக்கும். இரண்டு மணி நேரம் தாங்கும், ஒரு வருடம் ஓடும், அதற்கு மேல் தன்னால் சொல்ல முடியாது. வேன் எண்ணெய்க்கு மட்டும் கொடுத்தால் போதும்.

புதிய பேட்டரிக்கு வாலண்டைன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். இரண்டு வாரம் பொறுத்தால் அது வந்துவிடும். ஐந்து மணி நேரம் தாங்கும். வந்த நான்கு பேரும் திறந்து பார்க்கவில்லை, ஐந்தாவது ஆளும் பார்க்காமல் போகலாம். ஆனால் திறந்துவிட்டால், முகுந்தன் கேட்ட அதே கேள்வியை அவனும் கேட்பான். ரோசலின் இதே குரலில், நான்தான் என்பார். தண்ணீர்தான் பேட்டரியைக் கெடுத்தது என்று அவன் நேராகச் சொல்லிவிடுவான். தன் மூச்சைத் தானே அடைத்துக்கொண்டதாக அவள் தெரிந்துகொண்டால், எந்த மெஷின் ஓடி என்ன?

சனிக்கிழமை முகுந்தன் இரண்டு பேட்டரிகளோடு வந்தார். ரோசலின் குழாயை இழுத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"என்ன தம்பி, இதுல மூடியே காணோம்?"

"இது வேற மாதிரி ஆன்டி. மூடி கிடையாது."

"அப்ப எங்க ஊத்துறது?"

முகுந்தன் வாலண்டைனை ஒரு பார்வை பார்த்தார். "மேல சிலுவை போட்டா போதும் ஆன்டி. உள்ள போயிடும்."

ரோசலின் கோயில் தண்ணீரில் விரலை நனைத்து இரண்டு பேட்டரிகள் மேலும் சிலுவை வரைந்தார். முகுந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

திங்கட்கிழமை வாலண்டைன் கம்பெனிக்கு எழுதினார்: தண்ணீர் ஊற்றப்பட்டது, ஊற்றியது நான், ஆள் அனுப்ப வேண்டாம், என் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். அவர் வாழ்க்கையில் தெரிந்தே எழுதிய பொய்க் கணக்கு அது ஒன்றுதான். தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது வானம் கறுத்திருந்தது. அவர் ஓடத் தொடங்கினார். அந்த வயதில் ஓட்டம் என்று சொல்ல முடியுமானால்.

அந்த மாதக் கடைசியில் இரண்டரை மணி நேரம் கரண்ட் இல்லாமல் போனது. பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே தாங்கியது. மீதியைத் திரும்ப நிரப்பி வைத்திருந்த சிலிண்டர் பார்த்துக்கொண்டது. முள் சிவப்பைத் தொட்டபோது விளக்கு எரிந்தது. ரோசலின் கண்ணை மூடிச் சிரித்தார். வாலண்டைன் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்துகொள்ள வாணி வர வேண்டியிருந்தது.

தண்ணீர் ஊற்றியதை நீங்களே ஒப்புக்கொண்டதால் உத்தரவாதம் ரத்தாகிறது, இனி இது பற்றி எழுத வேண்டாம் என்று கம்பெனி பதில் போட்டது. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ரோசலின் கேட்டார். "பேட்டரி விஷயம் முடிஞ்சதுன்னு எழுதியிருக்காங்க" என்றார் வாலண்டைன். வெளியே இடி உறுமிக்கொண்டிருந்தது. கடைசிக் கடிதமான அது வந்தது 2024 நவம்பர் 21-ஆம் தேதி.