ஒத்தக்கடை வேனும் அதன் டிரைவரும்

குடும்பத்தோடு ஊர் சுற்ற ஒரு பழைய வேன் வாங்கலாமென்று, எண்பதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்தக்கடைக்குப் போனோம். வண்டியைக் காட்டியவர் அதன் முதலாளியின் டிரைவர். முறுக்கு மீசை, காக்கிச் சட்டை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வண்டிக்குள் ஏறுவார்.

நான் சாவியைக் கேட்டேன்.

"ஓட்டிப் பாக்குறது இருக்கட்டும்ண்ணே. எல்லாரும் ஏறி அரைமணி நேரம் சும்மா உக்காருங்க. ஓடுறப்ப எல்லா வண்டியும் நல்லாத்தான் இருக்கும்" என்றார்.

கொஞ்ச நேரத்திலேயே பிள்ளைகள் ஜன்னலோரத்துக்குச் சண்டை போட்டார்கள். டீசல் வாடையில் மனைவிக்குத் தலை சுற்றியது. முழங்கால் வலியோடு வந்த என் அம்மாவோ, படியேற முடியாமல் வெளியிலேயே நின்றாள்.

"ஆத்தா ஏற முடியாத வண்டி உங்களுக்கு எதுக்குண்ணே? படி தாழ்வா உள்ளதாப் பாருங்க" என்றார் மெதுவாக.

அவர் சொன்னபடியே வேறொரு வேன் வாங்கினோம். அம்மா யார் கையையும் பிடிக்காமல் ஏறி, ராமேஸ்வரம் வரைக்கும் வந்தாள்.

ஆறு மாதம் கழித்து, நாகமலை புதுக்கோட்டையில் அதே பழைய வேனை அவர் ஓட்டி வந்தார்.

"இன்னும் விக்கலையா?" என்றேன்.

"வர்றவுக எல்லாம் உக்காந்து பாத்துட்டுப் போயிர்றாகண்ணே!" என்று சந்தோஷமாகச் சிரித்தார்.

எங்கள்மேல் அக்கறையா, வண்டிமேல் ஆசையா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.