இடது காலும் பதினொரு சாவிகளும்

அந்த ஊர்த் தொழிற்சாலையில் இடது கால் ஷூ மட்டும்தான் தைத்தார்கள். வலது கால் தொலைவில் வேறோர் ஊரில். ஜோடியாகத் தைத்தால் தொழிலாளர்கள் திருடிவிடுவார்களாம். ஒற்றைக் காலை யார் திருடுவார்? முதலாளியின் இந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் ஓர் ஊரே பத்தொன்பது வருடம் பிழைத்தது.

சாவியக்கா அங்கே ஷூவின் மேல்தோல் தைத்தவள். அந்தப் பெயர் பிறகு வந்தது. வெளிநாட்டுக் கடைகள் ஆர்டரை நிறுத்திய மாதமே தொழிற்சாலைக் கதவு மூடப்பட்டது. தெருவில் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. "ரெண்டு மாசம்தான்க்கா, வந்துடுவோம். செடிக்கு மட்டும் தண்ணி ஊத்துங்க" என்று சாவியை அவள் கையில் திணித்துவிட்டுப் போனார்கள். பதினொன்றாவது சாவி தம்பியுடையது.

"நீயும் வாக்கா."

"உன் பொண்டாட்டிகிட்ட கேட்டியா?"

தம்பி குனிந்து பெட்டியின் ஜிப்பைச் சரிசெய்தான். ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொரு வீட்டையும் திறந்து, ஜன்னலைத் திறந்துவைத்து, பெருக்கி, மறுபடி பூட்டுவாள். ஒரு வீட்டின் கதவு நிலையில் குழந்தையின் உயரத்தைப் பென்சில் கோடுகளால் குறித்திருந்தார்கள். இப்போது குழந்தை கடைசிக் கோட்டையும் தாண்டியிருக்கும். "யாரும் இல்லையா?" என்று வாசலில் நின்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வாள்.

ஊர்க்காரர்கள் போகும்போது தலையெழுத்து என்றார்கள். தலையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருந்த பக்கத்து ஊரையும் அதே நெருக்கடிதான் அடித்தது. அங்கே பை தைத்தவர்கள் சோபா உறைக்கு மாறினார்கள். ஒரு பட்டறை மூடினால் அதன் ஆட்களை அடுத்த தெருப் பட்டறை எடுத்துக்கொண்டது. அந்த ஊர் சாய்ந்தது, விழவில்லை. அங்கே ஒரு கைக்கு நாலு வேலை தெரியும். இங்கே பத்தொன்பது வருடம் உழைத்த கைக்கு அரை வேலைதான் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அதற்குக் கிரகத்தைக் குற்றம் சொல்லச் சொல்பவன் அயோக்கியன்.

கையிருப்பு தீர்ந்ததும் சாவியக்கா அந்த ஊரின் பைப் பட்டறைக்கு வேலை கேட்டுப் போனாள். சோதனைக்கு, ஒரு பையின் இரண்டு பக்கத் துணிகளிலும் வளைந்த பாக்கெட் தைக்கச் சொன்னார்கள். ஒன்று இடப்பக்கம் வளைய வேண்டும், மற்றது வலப்பக்கம். மெஷினில் உட்கார்ந்ததும் அவளுக்குத் தைரியம் வந்தது. நூல் பிடித்தது போன்ற தையல்.

பட்டறைக்கார அம்மா இரண்டையும் பையில் வைத்துப் பார்த்தாள். இரண்டுமே இடப்பக்கம் வளைந்திருந்தன. "ஏம்மா, சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி ஒண்ணு முன்னாடி பாக்குது, ஒண்ணு பின்னாடி பாக்குது!"

பட்டறையே சிரித்தது.

"வலது பக்கம் நான் தைச்சதே இல்லீங்க."

"எத்தனை வருஷமா தைக்கிற?"

"பத்தொம்பது."

சிரிப்பு நின்றது. "தையல் நல்லாத்தான் இருக்கு. திங்கக்கிழமை வா. அப்பவும் ரெண்டும் ஒரே பக்கம் வளைஞ்சா, பஸ் காசை வீணாக்காதே."

நாலு நாள் பழைய ரெக்சின் துண்டுகளில் தைத்தாள். வலப்பக்கம் என்று சாக்பீஸால் அம்பு போட்டாலும் வளைவு வந்ததும் கை தானாக இடப்பக்கம் திரும்பியது. பிரித்தாள், தைத்தாள். ஞாயிறு மதியம் இரண்டு துண்டுகளை முகத்தோடு முகம் வைத்தாள். இம்மி பிசகாமல் பொருந்தின.

"பாத்தீங்களா!" என்று வாசலுக்கு ஓடினாள். தெருவில் பதினொரு பூட்டுகள் தொங்கின.

திங்கட்கிழமை பட்டறைக்கார அம்மா தையல் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். "நாளைலேர்ந்து வந்துடு. மாடியில ரூம் இருக்கு, தங்கிக்க. வீட்டுச் சாவியப் பக்கத்து வீட்ல குடுத்துட்டு வா."

சாவியக்கா தலையாட்டினாள்.

மறுநாள் காலை எல்லாச் செடிகளுக்கும் வாளி வாளியாக ஊற்றினாள், இனி எப்போதோ என்று. தன் வீட்டைப் பூட்டிச் சாவியோடு பக்கத்து வீட்டுப் படி ஏறினாள். அந்த வீட்டின் சாவியும் அவள் கையில்தான் இருந்தது.

பஸ்ஸில் டிக்கெட் காசுக்குப் பையைத் திறந்தபோது சாவிக்கொத்து கலகலத்தது.

"என்னம்மா, ஊரையே பூட்டிட்டு வர்றீங்களா?" என்றார் கண்டக்டர்.

"ஆமாங்க" என்றாள்.