சந்தனக்கார அனுசுயாவும் சூரியப் புயலும்

பிடரியில்தான் ஆரம்பிப்பாள். மற்ற சந்தனக்காரர்கள் உச்சந்தலையில் ஒரு கை அப்பி, நாலு பக்கமும் இழுத்துவிட்டு அடுத்த தலைக்குப் போய்விடுவார்கள். அனுசுயா, மொட்டை போட்டுக் குளித்துவிட்டு வரும் தலையை முதலில் ஒரு துண்டால் ஒற்றி எடுப்பாள். பிடரியிலிருந்து மேலே ஏறுவாள், காதுமடலுக்குப் பின்னால் விரலை விட்டுத் துழாவுவாள், உச்சியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். உச்சிக்கு மட்டும் இரண்டு பூச்சு. யாரும் கேட்டுப் போடுவதில்லை, அவளாகவே போடுகிறாள். "வெயிலு நேரா அங்கதான் வந்து எறங்குது, அங்க கஞ்சத்தனம் பண்ணா எப்படிங்க?" என்பாள்.

திருத்தணி மலைமேல் முடி எடுக்கும் மண்டபத்துக்கு எதிரே அவளுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், இரண்டு எவர்சில்வர் குண்டான்கள், ஒரு கறுப்புக் குடை. குடை அவளுக்கல்ல, சந்தனத்துக்கு. காய்ந்து போனால் வெடித்துவிடும் என்று அதை நிழலில் வைத்துவிட்டு, தான் வெயிலில் உட்கார்ந்திருப்பாள். உட்கார்ந்திருப்பாள் என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். ஒரு முட்டி ஆடிக்கொண்டே இருக்கும். எழுந்து நின்று மலைப்பாதையைப் பார்ப்பாள், குண்டானைச் சும்மா கலக்குவாள், மறுபடி உட்காருவாள். நகரி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வரும் குழந்தைகள் அலறினால் "ஏடவகு நைனா, ஏடவகு" என்று தெலுங்கில் கொஞ்சுவாள். தமிழ்க் குழந்தைகளையும் அதே தெலுங்கில்தான் கொஞ்சுகிறாள். அழுகையை நிறுத்த அவளுக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான்.

ஒரு மாதமாக இன்னொரு பழக்கமும் சேர்ந்திருக்கிறது. காலையில் பல் துலக்கும்போதே கைப்பேசியில் சூரியனின் படத்தைப் பார்த்துவிடுகிறாள். ஆராய்ச்சி நிலையங்கள் அன்றாடம் எடுக்கிற படம். அதில் கறுப்புப் புள்ளிகள் தெரியும். புள்ளிகள் பெருத்திருந்தால் அன்றைக்குக் காபி இறங்காது. "ஊரே சூரியன சாமின்னு கும்பிடுது. எனக்குத்தான் அதும்மேல கோவம்" என்று சொல்லிக்கொண்டே வாய் கொப்பளிப்பாள். கணவன் எல்லப்பன், அடிவாரத்துக்கும் மலைக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், "கோவத்த நம்பகிட்ட காட்டாத வரைக்கும் லாபம்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவார்.

கோபத்துக்குக் காரணம் மகள் சுசித்ரா. ஐந்து மாத கர்ப்பிணி. புருஷன் குணசேகரனுக்கு கனடாவில் வேலை. அவள் அங்கே போய்ச் சேர வேண்டும். வயிறு முற்றினால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், ஆகையால் போவதென்றால் இப்போதே போக வேண்டும். இதற்கு முந்தைய கரு மூன்றாம் மாதத்தில் கலைந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அனுசுயா நடந்த நடையைப் பார்த்துவிட்டு, நர்ஸ் ஒருத்தி அவளுக்கும் சேர்த்துப் படுக்கை போடட்டுமா என்று கேட்டாளாம். அதனால் இந்தக் குழந்தை இந்த வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "போவாதடி" என்று சொல்லவும் அனுசுயாவுக்கு வாய் வரவில்லை. புருஷனிடம் போகிற பெண்ணை எந்தத் தாய் தடுப்பாள்? அந்த நேரத்தில்தான் யாரோ அவளுக்கு ஒரு வீடியோ அனுப்பிவைத்தார்கள்.

சூரியன் அவ்வப்போது பொங்கி, கண்ணுக்குத் தெரியாத துகள்களை அள்ளி வீசும். அவற்றில் பெரும்பாலானவற்றைப் பூமியின் காந்தம் திருப்பி விட்டுவிடும், தப்பி வருவதைக் காற்று மண்டலம் உறிஞ்சிக்கொள்ளும். தரையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் இல்லை. விமானம் பறக்கிற உயரத்தில் காற்று மெலிது. துருவத்தை நெருங்க நெருங்கக் காந்தமும் வழிவிட்டுவிடும். பெரும் பொங்கல் பொங்கினால் அந்தப் பக்கத்து உயர வானில் காற்றின் சேர்மானமே கொஞ்ச நாளைக்கு மாறி, ஓசோன்கூட மெலியும் என்றது வீடியோ. கனடா விமானம் துருவத்துப் பக்கமாகத்தான் போகும் என்பதையும் அவள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். மற்றதைத் தன் தொழில் கணக்கில் போட்டுக்கொண்டாள். "காத்துதாங்க பூமிக்குச் சந்தனம். நம்ப ஊருக்கெல்லாம் கெட்டியா பூசி வெச்சிகீறான் முருகன். உச்சியில பூச்சு பத்தல. அத்தாண்டதான் எம்பொண்ணு போறா."

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஒரு தடவை போய்வருவதில் குழந்தைக்கு ஆபத்து ஏதும் இல்லை, ஒரு எக்ஸ்ரே எடுக்கிற அளவுதான், கவலைப்படாதீர்கள் என்றார். அனுசுயா அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்கவே இல்லை. "எக்ஸ்ரேன்னா சும்மாவா? புள்ளத்தாச்சிங்க முன்னாடியே சொல்லுங்கன்னு போர்டு மாட்டிகீறாங்களே. எடுக்கறவரு மட்டும் செவுத்துக்கு அந்தாண்ட போயி நின்னுக்கறாரு, அத கேளுங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். சுசித்ரா ஆட்டோவில் அப்பாவின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

போன வாரம், பயணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, சூரியன் நிஜமாகவே பொங்கிவிட்டது. சூரியப் புயல் என்று செய்தியில் சொன்னார்கள். அனுசுயா அதை எடுத்துக்கொண்ட விதம்தான் வேடிக்கை. வானத்தில் சூரியனுக்கு ஏதாவது நடந்தால் வீட்டில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியும். கிரகணத்துக்குச் செய்வதைச் செய்தாள். தண்ணீர் டிரம், ஊறுகாய் ஜாடி, தோசை மாவு எல்லாவற்றிலும் தர்ப்பைப் புல் விழுந்தது. வைஃபை பெட்டியின் மேல் ஒன்று. சுசித்ராவின் பெட்டியில் பருப்புப்பொடிக்கும் பாஸ்போர்ட் பைக்கும் தனித்தனியாக ஒவ்வொன்று. மகளை வாசற்படி தாண்டவிடவில்லை. கிரகணம் விடும்வரை வாயில் பச்சைத் தண்ணீர் படக்கூடாது என்பது அவள் வளர்ந்த வழக்கம். அதன்படி, பிள்ளைத்தாச்சி மகளை விட்டுவிட்டு, தான் மட்டும் பட்டினி கிடக்க ஆரம்பித்தாள்.

கிரகணம் பிடித்தால் விடும். பஞ்சாங்கத்தில் நேரம் போட்டிருக்கும், குளித்துவிட்டுச் சாப்பிடலாம். இந்தப் புயல் எப்போது விடும் என்று யாரும் சொல்லவில்லை. கோயில் குருக்களிடம் போய்க் கேட்டாள். அவர் திருநீற்றுத் தட்டோடு நின்று யோசித்துவிட்டு, "இது பஞ்சாங்கத்துல வராதே அனுசுயா" என்றார்.

"அப்ப யாரத்தாங்க கேக்கறது?"

குருக்கள் அவள் கையில் திருநீற்றைப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்தார்.

மறுநாள் மத்தியானம் குண்டானைத் தூக்கப் போனவள் கண் இருட்டி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எல்லப்பன் ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். சுசித்ரா அடுப்படியில் போய்ப் பார்த்தாள். அம்மாவுக்கு எடுத்து வைத்த முந்தின நாள் சோறு, புல்லோடு அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கைப்பேசியைத் தடவினாள். பிறகு அம்மாவின் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"விட்டுடுச்சும்மா. இப்பதான் நியூஸ்ல போட்டுகீறான். எழுந்து போய் தலைக்கு ஊத்திகினு வா."

"நெஜமாவா?"

"ஆங். நான் பாத்துட்டேன், நீ வா."

அனுசுயா தலைக்கு ஊற்றிக்கொண்டாள். வீடு முழுக்கப் போட்ட புல்லைப் பொறுக்கி எடுத்தாள். தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவி வந்து பழக்க தோஷத்தில் கைப்பேசியைத் திறந்தாள். புயல் அளவைக் காட்டும் சிவப்புக் கட்டைகள் அதே உயரத்தில் நின்றுகொண்டிருந்தன. அடுப்படியில் சுசித்ரா அடுத்த தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள், காது சிவந்திருந்தது. சின்ன வயதிலிருந்து பொய் சொன்னால் காது சிவந்துவிடுகிற பெண் அவள். தன்னைச் சாப்பிட வைக்கச் சொன்ன பொய் என்பது அனுசுயாவுக்குப் புரிந்தது, இவள் எப்படியும் போகத்தான் போகிறாள் என்பதும் கூடவே புரிந்தது. இன்னொரு தோசை வாங்கிக்கொண்டாள்.

அன்றிரவு பெட்டி கட்டும்போது சுசித்ராவே பேச்செடுத்தாள். "புயலு பெருசா இருந்தா அவங்களே வழிய மாத்திடுவாங்கம்மா. தெக்கால எறக்கி சுத்திகினு போவாங்க." எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் ஒரு வரைபடத்தை அம்மாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தாள். மஞ்சளாக ஒரு குட்டி விமானம் ஊர்ந்து போகும். அம்மா, நீ சூரியனைப் பார்க்காதே, என்னைப் பார் என்றாள்.

நேற்று எல்லப்பன் அவளைச் சென்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தார். அனுசுயா போகவில்லை. இன்றைக்குக் கிருத்திகை, கூட்டம் தள்ளும், சந்தனம் அரைக்க வேண்டும் என்று சாக்கு சொன்னாள். காலையில் டெல்லியிலிருந்து, "ஏறிட்டேன்மா, சாப்டு" என்று போன் வந்தது. அதற்கப்புறம் அந்த மஞ்சள் விமானம்தான்.

மத்தியான வெயில். குடையின் கீழ் சந்தனத்துக்குப் பக்கத்தில் கைப்பேசியைச் சாய்த்து வைத்திருக்கிறாள். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் நடுவே குனிந்து குனிந்து பார்க்கிறாள். விமானம் இந்தியாவைத் தாண்டிவிட்டது, பெயர் வாசிக்கத் தெரியாத நாடுகளையும் தாண்டிவிட்டது. இதோ திரும்பும், இதோ தெற்கே இறங்கும் என்று பார்க்கிறாள். அது வரைபடத்தின் மேல்பக்கம் வெள்ளையாகக் கிடக்கும் இடத்தை நோக்கி நேராக ஏறிக்கொண்டிருக்கிறது.

பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் மொட்டை போட்ட கைக்குழந்தையை அவள் மடியில் கொடுத்தது. பிடரி, காது, உச்சி. உச்சியில் இரண்டாவது பூச்சு. பிறகு மூன்றாவது. "போதுங்க, கண்ணுல வழியுது" என்றாள் குழந்தையின் அம்மா. அனுசுயா நிறுத்தினாள். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கட்டைவிரலில் மிச்சமிருந்த சந்தனத்தைக் கைப்பேசித் திரையில், அந்தக் குட்டி விமானத்தின் மேல், அழுத்திப் பூசினாள். மஞ்சள் மறைந்தது. உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் விமானத்தின் மூக்கு சந்தனத்துக்கு வெளியே தலைகாட்டியது. அவள் குண்டானில் விரலைத் தோய்த்து, இந்த முறை அது போகும் வழியில் கொஞ்சம் முன்னாலேயே பூசினாள்.