அம்மா பிடித்துக்கொண்டு வந்த மூன்றாவது கியர்

எனக்கு எட்டு வயதில் எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. கும்மிடிப்பூண்டியில் நைனா வேலை பார்த்த இரும்புக் கம்பெனி மேனேஜர் மாற்றலாகிப் போகும்போது, தன்னுடைய பழைய வெள்ளைக் காரை நைனா தலையில் கட்டிவிட்டுப் போனார். நைனாவுக்கு அதைத் துடைக்கத் தெரிந்த அளவுக்கு ஓட்டத் தெரியாது என்பது அம்மாவின் கருத்து. ஆனால் அந்தக் கருத்தை அவள் நேரில் சொல்ல முடியாத நிலைமை. அப்போது இருவருக்கும் பேச்சு இல்லை.

ஆர்.கே.பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் மாமா வீட்டில் மஞ்சள் நீராட்டு நடந்தது. ஷிப்டு இருக்கிறது என்று சொல்லி நைனா வரவில்லை. அம்மா சொந்தக்காரர்கள் நடுவே தனியாக நின்று சீர்த்தட்டை வைத்துவிட்டு வந்தாள். வந்த அன்று ஒரு வார்த்தை. மறுநாள் நாலு வார்த்தை. அதற்கப்புறம் பேச்சே நின்றுபோயிற்று.

எனக்கு அது பிடித்திருந்தது. "உங்க நைனாவ சாப்புட வரச் சொல்லு" என்று, கைக்கு எட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் அம்மா என்னைத் தூது அனுப்புவாள். "பசிக்கலன்னு சொல்லு" என்று அவர் திருப்பி அனுப்புவார். இந்த வீட்டில் நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்று பெருமையாகத் திரிந்துகொண்டிருந்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் மாமா ஊருக்குக் கிளம்பினோம். நைனா லீவு போட்டிருந்தார். அம்மா பெரிய பெட்டியில் தன் புடவைகளை எல்லாம் அடுக்கினாள். என் பள்ளிக்கூடப் பையையும் காரில் ஏற்றினாள். ஊருக்குப் போயும் படிக்கச் சொல்லப் போகிறாளே என்று மட்டும்தான் எனக்குச் சலிப்பு.

பெரியபாளையம் தாண்டியதும் கார் தன் வேலையைக் காட்டியது. மூன்றாவது கியரைப் போட்டால் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும். ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், டொக்கென்று கியர் கம்பி பின்னால் வந்து விழும். என்ஜின் மட்டும் ஓவென்று கத்தும், வண்டி தளர்ந்துபோகும். நைனா மறுபடி முன்னால் தள்ளுவார். அது மறுபடி விழும்.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினார். கிளட்சை நாலைந்து தடவை மிதித்துப் பார்த்தார். பானெட்டைத் திறந்து உள்ளே கொஞ்ச நேரம் வெறித்தார். பிறகு தரையில் படுத்து, அடியில் ஆயில் ஒழுகுகிறதா என்று தலையை நீட்டினார். ஒழுகவில்லை. அம்மா ஜன்னலுக்கு வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரெண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு திருவள்ளூர் வரை போய், ஊருக்கு வெளியே இருந்த ஒரு மெக்கானிக் ஷெட்டில் விட்டோம். மெக்கானிக் வாய் ஓயாமல் பேசுகிறவர். ஓட்டிப் பார்த்தார், அடியில் புகுந்தார், பேசிக்கொண்டே வெளியே வந்தார்.

"கிளட்ச்சு நல்லா கீதுண்ணா. ஆயிலும் கீது. கியர் ராடுல ஒரு புஷ்ஷு தேஞ்சி ஆடிக்கினு இருந்துச்சி, மாத்திட்டேன். இப்போ ஓட்டிப் பாருங்க."

ஓட்டினார்கள். மூன்றாவது கியர் மறுபடி விழுந்தது.

"அப்போ உள்ள பல்லுதான் தேஞ்சிருக்குது. கியர் பொட்டிய எறக்கணும். இன்னைக்கு ஆவாது."

"ஆர்.கே.பேட்டை வரைக்கும் போய்ச் சேரணும்பா" என்றார் நைனா.

"ரெண்டுலயே போனா என்ஜின் சூடாயிடும். நாலுல போட்டா அந்த மேட்டுல இழுக்காது. ஒண்ணு பண்ணுங்க. நீங்க மூணாவதப் போடுங்க, அண்ணி கையால முன்னாடி தள்ளிப் புடிச்சிக்கட்டும். நீங்க சொன்னா வுடட்டும். அவ்ளோதான். புருசன் பொண்டாட்டி தானே, ஒரு அண்டர்ஸ்டேண்டிங்கு இருக்கும்."

நைனாவும் அம்மாவும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று தெரியாது.

திருத்தணி ரோட்டில் ஏறினோம். அம்மா முன்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்து, உருண்டைத் தலைக் கம்பியை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்திருந்தாள். நான் நடுவில் எக்கி நின்றேன்.

"நான் சொல்லும்போது வுடணும்னு உங்கம்மாகிட்ட சொல்லு."

சொன்னேன்.

"மின்னாடியே சொல்லணும்னு சொல்லு" என்றாள் அம்மா.

அதையும் சொன்னேன். ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆட்டு மந்தை வரும் வரைக்கும். வளைவு திரும்பியதும் ரோடு முழுக்க ஆடு.

"வுடச் சொல்லு!" என்று கத்தினார் நைனா.

"அம்மா, நைனா உன்ன..." என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் அவர் பிரேக்கை மிதித்துக் கம்பியைப் பின்னால் இழுக்க, அவள் முன்னால் தள்ள, அடியில் இரும்பை அரைப்பதுபோல் ஒரு சத்தம். வண்டி குலுங்கி நின்றது. பம்பருக்கு முன்னால் ஒரு குட்டி திகைத்து நின்று எங்களைப் பார்த்தது.

அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு, எத்தனையோ நாளைக்கு அப்புறம், நேராக அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"கொழந்தையாண்ட சொல்லி, அது என்னாண்ட சொல்றதுக்குள்ள ஆடு செத்துப்பூடும். என்கிட்டயே சொல்லுங்க."

"சரி" என்றார் நைனா.

எனக்கு வேலை போய்விட்டது. கோபத்தோடு பின்சீட்டில் போய் விழுந்தேன்.

அதற்கப்புறம் முன்னால் இரண்டே வார்த்தைகள்தான் கேட்டன. "புடி." "வுடு." கொஞ்ச தூரம் போனதும் அவை மூன்று நாலாயின.

"கை வலிக்குதா?"

"இல்ல."

"அந்தக் கையால மாத்திப் புடி."

திருத்தணி தாண்டி வண்டி ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தபோது அம்மா, கம்பியைப் பார்த்தபடியே, "அத்தினி பேரு மின்னாடி ஒண்டியா நின்னேன்" என்றாள்.

ஒரு பஸ் எதிரே வந்து போயிற்று.

"லீவு கேட்டிருந்தா குடுத்திருப்பாங்க. நான் கேக்கல" என்றார் நைனா. "தப்புதான்."

"மேடு வருது பாருங்க" என்றாள் அம்மா.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். என்னைத் தூக்கிக்கொண்டார். நைனாவை "வாங்க" என்று கேட்கவில்லை. நேராகக் காரின் பின்பக்கம் போய் டிக்கியைத் திறந்து பெட்டியை இழுத்தார்.

"பெட்டி அங்கயே இருக்கட்டும்ண்ணா" என்றாள் அம்மா.

"இன்னாம்மா சொல்ற? இனிமே இங்கதான்னு போன்ல..."

"வண்டியில மூணாவது கியர் நிக்க மாட்டேங்குது. யாராச்சும் புடிச்சிக்கினு இருக்கணும். அவரு ஒண்டியா எப்படிப் போவாரு?"

மாமா பெட்டியைப் பாதியில் விட்டுவிட்டு யோசித்தார். எந்தச் சிக்கலுக்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிற மனிதர் அவர்.

"அவ்ளோதானா? நம்ம பக்கத்தூட்டுப் பையன் டிராக்டர் ஓட்டுறவன்தான். கூட அனுப்பி வெக்கிறேன். கும்மிடிப்பூண்டி வரைக்கும் புடிச்சிக்கினு போய் வுட்டுட்டு, பஸ் புடிச்சி வந்துடுவான். நீ இன்னாத்துக்கு அலையற?"

அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "உன்ன யாரு யோசன கேட்டா? டிராக்டர் ஓட்டுறவனுக்குக் காரப் பத்தி இன்னா தெரியும்? பெட்டிய உள்ள தள்ளிட்டு டிக்கிய மூடு!" என்று சீறினாள். நைனா குனிந்து, நன்றாக இருந்த டயரை வெகு கவனமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டுவிட்டு அன்றே திரும்பினோம். கியர்பாக்ஸை இறக்கிப் பல்லை மாற்ற ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. நைனா மெக்கானிக்கைத் தேடவும் இல்லை, அம்மா நினைவுபடுத்தவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைத்தெருவுக்குப் போகும்போதுகூட "புடி", "வுடு" என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

இப்போது எனக்கும் கல்யாணமாகிவிட்டது. என்னுடைய காரில் எல்லாக் கியரும் ஒழுங்காக நிற்கிறது. தேய்ந்துபோன அந்தப் பல்லுக்கும், வாயாடி மெக்கானிக்குக்கும், ரோட்டை மறித்த ஆடுகளுக்கும் நான் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன் என்று சில நேரம் நினைத்துப் பார்ப்பேன். கை மரத்துப்போகும்வரை பிடித்த அம்மாவுக்கும், தப்பு என்று ஒரு வார்த்தை சொன்ன நைனாவுக்கும் அதைவிட அதிகமாக.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் நான் மாமாவுக்காகத்தான் வருந்தினேன். பாவம், அவர் சொன்னது நல்ல யோசனை. அம்மா கை வலிக்காமல் ஊரிலேயே இருந்திருக்கலாம். அவர்மேல் அவளுக்கு ஏன் அத்தனை கோபம் வந்தது என்று வீடு வந்து சேரும்வரை எனக்கு விளங்கவேயில்லை.